சீட்டைப் பிடிங்க, ஹேண்டில்பாரை விடுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், இந்த வருடம் கல்லூரியில் சேரும் பிள்ளைகளும் தாய்மார்களும் கலந்துகொண்ட அமர்வில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பைப் பார்த்து ஒரு அக்கா சிரிச்சாங்க. "காலேஜ் போற பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன், பத்திரமா சைக்கிள் ஓட்டுறது, நாட்டுப்புறப் பாட்டு. மூணையும் ஒரே நோட்டீசுல போட்டிருக்காங்களே, இதுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"னு கேட்டாங்க. நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல ஐம்பது வயசைத் தாண்டின பொம்பளைங்ககிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டா அவங்கதான் சிரிப்பாங்க. ஏன்னா, இந்த மண்ணுல படிப்பும் சைக்கிளும் பாட்டும் ஒண்ணாச் சேர்ந்துதான் வந்தது.

பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்றேன். 1991-ல இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ராத்திரி நேரத்துல தெருவிளக்கடியிலயும் திண்ணையிலயும் பாடம். அப்போ மாவட்ட ஆட்சியரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். கற்றுக்கொடுக்கிற பெண்கள் உள்ளடங்கின கிராமங்களுக்குப் போய்ச் சேரணும். அதுக்கு அவங்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியணும்னு அவங்க நினைச்சாங்க. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தானாப் போக முடியாத பெண்ணுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? அதனால எழுத்தோட சைக்கிளும் பாடமாச்சு. சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்கவும் ஏற்பாடு பண்ணினாங்க.

வயல்வேலை செய்யறவங்க, கல் உடைக்கிறவங்க, அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர், டீச்சர்னு ஆயிரக்கணக்கான பேர் பழகினாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவங்க ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஏறினாங்க. 'முன்னால இருக்கிற பார்ல பிள்ளையை உட்கார வைக்கலாம், இதுதான் வசதி'ன்னும் சொன்னாங்க. 1992 மகளிர் தினத்துக்கு 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடிச்சுக்கிட்டு புதுக்கோட்டைக்குள்ள சைக்கிள் ஊர்வலம் போனாங்க. கேலி பேசினவங்களுக்குக் குறைச்சலில்லை. ஆனா சைக்கிள் பழகுறதுக்குன்னே பாட்டுக் கட்டி, கூட்டமாப் பாடிக்கிட்டே பழகினாங்க. கூட்டமாப் பாடுற இடத்துல தனிக்குரலா வர்ற கேலி எடுபடுமா?

அந்தத் தலைமுறையோட பேத்திகள்தான் இப்போ முன்வரிசையில இருக்கீங்க. அப்புறம் எதுக்கு இன்னிக்கு இதைப் பேசணும்? காரணம் இருக்கு.

நம்ம பக்கத்து ஊர்ப் பொண்ணு ஒண்ணு. பேரு வேண்டாம். பிளஸ் டூவுல நல்ல மார்க். 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காலேஜ்ல பி.எஸ்சி. சேர்ந்தா. ஊருக்குள்ள வர்ற பஸ் காலையில ஒண்ணுதான். அதை விட்டா 3 கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டுக்குப் போகணும். பள்ளிக்கூடத்துல கொடுத்த இலவச சைக்கிள் வீட்டுல இருந்தது. டியூப் போய், மாட்டுக் கொட்டகையில சாஞ்சு கிடந்தது. பஸ் போனா லீவு, மழை பெஞ்சா லீவுன்னு நாள் போச்சு. எத்தனை நாள் போச்சுன்னு அவளும் எண்ணலை, வீட்டுலயும் கேட்கலை. பரீட்சை நேரத்துல வருகைப்பதிவு பத்தலைன்னு சொல்லிட்டாங்க. துறைத் தலைவர்கிட்டப் போய் நிலைமையைச் சொல்லியிருந்தா ஏதாவது வழி கிடைச்சிருக்கலாம். அவளுக்கு வாய் வரலை. இப்போ மில்லுக்குப் போறா.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணுக்குப் படிப்பு வராமல் போகலை. வருகை நாளை எண்ணத் தெரியலை, சைக்கிளுக்கு டியூப் மாத்தலை, நாலு வார்த்தை பேச வாய் திறக்கலை. இந்த மூணுலதான் ஒரு பட்டம் போச்சு. நான் பேசப்போறதும் இந்த மூணைத்தான்.

முதல்ல வாழ்க்கைத் திறன். பேரைக் கேட்டா ஏதோ பெரிய விஷயம் மாதிரி இருக்கும். நம்ம குழுவுல நீங்க வாராவாரம் செய்யறதுதான் அது. கணக்கு எழுதுறது, தீர்மான நோட்டுல படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுறது, பேங்க் மேனேஜர்கிட்டப் பேசுறது. இதையே பிள்ளைகளுக்கு மாத்திச் சொல்லிக்கொடுக்கணும்.

வருகைக் கணக்கு: பெரும்பாலான கல்லூரிகள்ல பரீட்சை எழுத 75 சதவீதம் வருகை வேணும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள்னா 68 நாள் போயிருக்கணும். அதாவது லீவு 22 நாள்தான். சந்தாக் கணக்கு எழுதுற மாதிரி காலண்டர்ல குறிச்சு வைங்க. பத்து நாள் தாண்டினதும் அம்மாவும் மகளும் உட்கார்ந்து பேசணும்.

பணக் கணக்கு: அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் 2022-லிருந்து கொடுக்கிறாங்க. காலேஜ் மூலமாத்தான் பதியணும். பிள்ளையோட பேர்ல பேங்க் கணக்கு, அதுல ஆதார் இணைப்பு ரெண்டும் சரியா இருக்கணும். சாதிச் சான்று, வருமானச் சான்று, மாற்றுச் சான்றிதழ் எல்லாத்துக்கும் நாலு நகல் எடுத்து ஒரு பையில போட்டு வைங்க. அசலை யார் கேட்டாலும், ரசீது இல்லாமக் கொடுக்காதீங்க. அந்த ஆயிரத்தை எடுத்து வீட்டுக் கடனுக்குக் கட்டுறதுன்னா மகளைக் கேட்டுக் கட்டுங்க. பஸ், நோட்டு, நாப்கின், சைக்கிள் ரிப்பேர்னு அவளே மாச பட்ஜெட் போடட்டும்.

போன் விஷயம்: ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது. ஸ்காலர்ஷிப் தர்றோம், இந்த லிங்க்கைத் தொடுங்கன்னு வந்தா தொடக் கூடாது. பணம் போச்சுன்னா உடனே 1930-க்குக் கூப்பிடணும். பெண்களுக்கான உதவி எண் 181. அவசரத்துக்கு 112. மனசு தாங்காத நேரத்துல பேச 14416. ராகிங்னு ஒண்ணு நடந்தா அது விளையாட்டு இல்லை, குற்றம். தமிழ்நாட்டுல 1997-லேயே அதுக்குத் தனிச் சட்டம் வந்தாச்சு. பாலியல் தொல்லையை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலயும் உள் புகார்க் குழு இருக்கணும். அதுல யார் யார் இருக்காங்கன்னு முதல் வாரத்துலயே பார்த்து எழுதி வச்சுக்குங்க.

இப்போ அம்மாமார்கிட்ட ஒரு வார்த்தை. இத்தனை நம்பர் கொடுத்தாலும், ஒரு பிள்ளை முதல்ல சொல்ல நினைக்கிறது உங்ககிட்டதான். ஆனா சொல்லாது. ஏன் தெரியுமா? 'பஸ்ல ஒருத்தன் தொந்தரவு பண்றான்'னு சொன்னா, 'அப்படியா, படிச்சது போதும், வீட்டுல இரு'ன்னு வீடு சொல்லிடும்னு பயம். தப்புச் செஞ்சவன் எவனோ; படிப்பு நிக்கிறது இவளுக்கு. அதனால இன்னிக்கு ராத்திரியே பிள்ளைகிட்ட ஒரு வாக்குக் கொடுங்க: 'நீ எதை வந்து சொன்னாலும் உன் படிப்பை நிறுத்த மாட்டேன்.' இந்த ஒரு வாக்கு அந்தப் பிள்ளைக்குப் பெரிய காவல்.

அடுத்தது சைக்கிள். ஊர்லேருந்து மெயின் ரோடு வரைக்கும் இருக்கிற அந்த ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் நம்ம பிள்ளைகளுக்குச் சிக்கல். மெயின் ரோட்டுக்கு வந்துட்டா டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால கொட்டகையில கிடக்கிற சைக்கிளை வெளியே எடுங்க.

ஏறுறதுக்கு முன்னால மூணு பார்க்கணும்: காத்து, பிரேக், செயின். டயரைக் கட்டைவிரலால அமுக்கினா கல்லு மாதிரி இருக்கணும். ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுக்கிட்டு வண்டியைத் தள்ளினா நகரக் கூடாது. செயின் தொங்கக் கூடாது. மாசத்துக்கு ஒருதரம் எண்ணெய் விடணும்.

துப்பட்டா, சேலைத் தலைப்பு, பேண்ட் கால் இது மூணும் சக்கரத்துக்குள்ள போற சாமான். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்புல முடிஞ்சுக்கணும். பின் சக்கரத்துக்குச் சேலை கார்டு போட்டுக்கணும். பையை ஹேண்டில்பார்ல மாட்டினா ஒரு பக்கம் இழுக்கும். கேரியர்ல வச்சுக் கட்டணும். பின்னாடி சிவப்பு ரிப்ளெக்டர், முன்னாடி விளக்கு. முடிஞ்சா தலைக்கு ஹெல்மெட். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு இருட்டுல வர்ற பிள்ளைக்கு வெளிர் நிறச் சட்டையே பாதி விளக்கு.

ரோட்டுல இடப்பக்கம்தான் போகணும். எதிர்த்திசையில குறுக்கு வழி வேண்டாம். தோழிகளோட பேசிக்கிட்டு ரெண்டு பேர் ஒட்டிப் போகாதீங்க. ஒருத்தர் பின்னால ஒருத்தர். காதுல இயர்போன் கூடாது. பின்னால வர்ற லாரியைக் காதுதான் முதல்ல பார்க்கும். வலப்பக்கம் திரும்பணும்னா முதல்ல திரும்பிப் பார்த்து, அப்புறம் கை காட்டி, அதுக்கப்புறம்தான் திரும்பணும். சந்தேகமா இருந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. அதுல ஒரு கௌரவமும் குறையாது. மழையில சக்கரம் நனைஞ்சிருந்தா பிரேக் சட்டுனு பிடிக்காது, தூரத்துலயே மெதுவாக்கணும். இறக்கத்துல முன் பிரேக்கை மட்டும் அழுத்தினா தலைகுப்புற விழுவோம். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணும்.

இதுல ஒண்ணை மட்டும் மறக்கவே கூடாது. பஸ், லாரி திரும்பும்போது அதோட இடப்பக்கத்துச் சந்துல நுழையாதீங்க. டிரைவருக்கு அந்த இடம் தெரியாது. முன்சக்கரம் போன வழியில பின்சக்கரம் வராது, உள்பக்கமா வெட்டி வரும். அந்த இடத்துல நிக்கிற சைக்கிள் தப்பாது. அது முழுசாப் போகட்டும், அப்புறம் போங்க.

பழக்கி விடுற அம்மாக்களுக்கும் ஒரு நுணுக்கம் இருக்கு. சீட்டை இறக்கி, பிள்ளையோட ரெண்டு காலும் தரையில படியற மாதிரி வைங்க. முதல்ல பெடல் வேண்டாம், காலால உந்தி உந்திப் போகட்டும். நிதானம் வந்தப்புறம் பெடல். பின்னால பிடிக்கிறவங்க சீட்டைத்தான் பிடிக்கணும். பயத்துல நிறையப் பேர் ஹேண்டில்பாரைப் பிடிச்சிருவோம். ஹேண்டில்பாரை நம்ம பிடிச்சா, வண்டி எப்படிச் சாயுது, எப்படித் திருப்பணும்னு அவ கைக்குத் தெரியாமலே போயிடும். எத்தனை மாசம் ஓடினாலும் அவளுக்கு வராது. சீட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே ஓடுங்க. நேரம் வந்ததும் விடுங்க. 'கீழே பார்க்காதே, தூரத்தைப் பாரு'ன்னு மட்டும் சொல்லுங்க. காலேஜ் அனுப்புறதும் இதேதான். எந்தப் பாடம் எடுக்கணும், யார்கூடப் பேசணும், என்ன உடுத்தணும்னு ஹேண்டில்பாரை நாம பிடிச்சுக்கிட்டு இருந்தா பிள்ளை எப்போ ஓட்டப் பழகும்?

கடைசியா பாட்டு. 'பாட்டெல்லாம் பட்டிக்காட்டு விஷயம், காலேஜ்ல சிரிப்பாங்க'ன்னு பிள்ளைகள் நினைக்கிறாங்க. பேராசிரியர் நா. வானமாமலை நம்ம மக்களோட பாட்டைத்தான் தேடித் தொகுத்து 'தமிழர் நாட்டுப்பாடல்கள்'னு புத்தகமாக் கொடுத்தார். தமிழ்த் துறையில நாட்டுப்புறவியல்னு பாடமே இருக்கு. பக்கத்துல சிவகங்கைச் சீமையில கொல்லங்குடி கருப்பாயி அம்மா நாட்டுப்பாட்டுப் பாடிப் பேர் வாங்கினவங்க. 1985-ல 'ஆண்பாவம்' படத்துல நடிச்சு ஊர் உலகமெல்லாம் தெரிஞ்சாங்க. அப்பத்தாகிட்ட இருக்கிற நடவுப் பாட்டையும் தாலாட்டையும் நோட்டுல எழுதி வச்சுக்குங்க. அப்பத்தா போயிட்டா அதுவும் போயிடும்.

பாட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. நடவுல ஒருத்தி முன்பாட்டுப் பாடுவா, மத்தவங்க பின்பாட்டு. முதல் நாள் பின்பாட்டுல முணுமுணுத்தவ, பத்தாம் நாள் முன்பாட்டு எடுப்பா. கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருந்து கொஞ்சம் கொஞ்சமாக் குரல் வெளியே வர்ற பள்ளிக்கூடம் அது. நாற்பது பேர் முன்னால மூச்சுப் பிடிச்சுப் பாடின பொண்ணு, துறைத் தலைவர் ரூம் வாசல்ல நின்னு 'சார், எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்'னு சொல்லிடுவா. அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு இல்லாமப் போனது அந்த ஒரு வாக்கியம்தான்.

சைக்கிள் பாடத்தையும் கும்மி மெட்டுல கட்டலாம். நான் கட்டினதைச் சொல்றேன், உங்களுக்கு இதைவிட நல்லா வரும்:

காத்தைப் பாரடி பிரேக்கைப் பாரடி
கண்ணம்மா செயினையும் பாரடி
காத்துல ஆடுற துப்பட்டா நுனியைக்
கட்டி முடிஞ்சிட்டு ஏறடி

லாரி திரும்பினா ஓரம் நுழையாதே
லாபம் அதிலொண்ணும் இல்லையடி
நேரம் ஆனாலும் நின்னு பாத்துப்போ
நீதான் வீட்டுக்குச் செல்வமடி

சரி, இனி நாம என்ன செய்யப்போறோம்? கைதட்டிட்டுக் கலைஞ்சு போறதுக்கு இந்தக் கூட்டம் இல்லை. கூட்டமைப்புக்கு மூணு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். முதல் ஞாயிறு, கணக்கும் காகிதமும்: சான்றிதழ், பேங்க், வருகைக் கணக்கு. ஏற்கெனவே காலேஜ் படிக்கிற அக்காமார் வந்து சொல்லிக்கொடுக்கட்டும். ரெண்டாம் ஞாயிறு, பள்ளிக்கூட மைதானத்துல சைக்கிள். ஊர் மெக்கானிக்கை ஒரு நாள் கூப்பிட்டு, பழுதான சைக்கிளையெல்லாம் சரி பண்ணுவோம். கையில காசில்லாதவங்களுக்குக் குழு உள்கடன் கொடுக்கட்டும். மூணாம் ஞாயிறு, பாட்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியாவது முன்பாட்டு எடுக்கணும். இதை இன்னிக்கே தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போகணும்னு கேட்டுக்கிறேன்.

பிள்ளைகளா, உங்க அம்மா பின்னாலதான் ஓடி வருவாங்க. சீட்டை விட்டது தெரியாமலே நீங்க ரொம்ப தூரம் போயிருப்பீங்க. திரும்பிப் பார்க்கணும்னா, ஓரமா நிறுத்திட்டுப் பாருங்க.