மேற்கு ஜன்னலும் வெள்ளியங்கிரியும்



சென்னை பெசன்ட் நகரில் பழைய பிளாட்டைப் புதுப்பிக்கிறவர்கள் கிழக்குப் பக்கத்தைத் திறந்து கடலைப் பார்க்கிறார்கள். அங்கே இளவெயிலும் கடலும் ஒரே திசையில் வாய்த்திருக்கின்றன. கோவையில் நமக்கு வாய்த்தது மலை. மருதமலையும் வெள்ளியங்கிரியும் மேக்கால நிற்கின்றன. வடவள்ளியிலோ பேரூரிலோ பழைய பிளாட் வாங்கி, கூடத்திலிருந்தே மலை தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவது மிக நியாயம். ஆனால் மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடி ஆக்கிவிட்டால், கோடை மாலையில் அந்தக் கூடத்தில் உட்கார முடியாது.

பங்குனி மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 2 அடி சன்ஷேடு அப்போது ஜன்னலின் மேல்பகுதியில் ஏறத்தாழ ஓரடியைத்தான் மறைக்கும். தெற்கு ஜன்னலுக்கு இந்தத் தொல்லை குறைவு. மார்கழி நடுப்பகலில்கூடச் சூரியன் 55 டிகிரி உயரத்தில் இருப்பதால், அதே சன்ஷேடு கிட்டத்தட்ட 3 அடிக்கு நிழல் தரும்.

ஆகவே வெளிச்சத்தை வடக்கிலும் தெற்கிலும் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கில் மலையை மட்டும் கேளுங்கள். அதற்கு உயரமான ஜன்னல் தேவையில்லை; நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும்படி, அகலமாக, தாழ்வாக ஒன்று போதும். அதன் வெளிப்புறம், வெயில் நேரத்தில் மட்டும் இறக்கிக்கொள்ளும்படி மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைத்தான் தடுக்கப் பார்க்கிறது. தட்டி வெயிலை வெளியிலேயே நிறுத்திவிடும். கதவு திறக்கிற ஜன்னலாகவே வையுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை, அசையாத கண்ணாடி போட்டு இழப்பது பெரிய நஷ்டம். எதிர்ச்சுவரிலும் திறப்பு இருந்தால்தான் அந்தக் காற்று வீட்டுக்குள் ஓடும்.

உடைப்பதற்கு முன் அடைத்ததை எடுங்கள். பழைய பிளாட்டுகளில் பால்கனியைத் தகரமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மூடி, ஜன்னலை மறைத்துப் பீரோ வைத்திருப்பார்கள். அவற்றை அகற்றி, உட்கூரைக்கு வெள்ளை அடித்தாலே பாதி இருட்டு போய்விடும். நம் தொட்டிக்கட்டு வீடுகள் நடுவாசல் வழியாக வானத்து வெளிச்சத்தை வாங்கின. பிளாட்டில் அந்த வேலையைப் பால்கனிதான் செய்ய வேண்டும். அதை அறையாக்குவது எனக்கு உடன்பாடில்லை.

சுவரில் கை வைப்பதானால் எச்சரிக்கை வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில் செங்கல் சுவரே மேல்மாடியைத் தாங்குகிறது. ஜன்னலை அகலப்படுத்தினால் லிண்டலையும் மாற்ற வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லாமல் ஒரு செங்கல்லையும் எடுக்காதீர்கள். வெளிச்சுவர் எல்லோருக்கும் பொதுவானது. அசோசியேஷனின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வரைபடம் போடும் முன், வெயில் காலத்தில் ஒரு மாலை அந்த அறையில் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறதென்று தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனாரை அதற்கப்புறம் கூப்பிடுங்கள்.