ஆவணி முதல் ஐப்பசி வரை: நம் பகுதிச் சிறு தொழில் செய்வோருக்குச் சில வார்த்தைகள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடித் தள்ளுபடி முடிந்ததும் பெரிய கடைகள் கொஞ்சம் மூச்சு விடும். நமக்கு அப்போதுதான் காலம் தொடங்குகிறது. ஆவணியில் முகூர்த்தங்களும் பிள்ளையார் சதுர்த்தியும், புரட்டாசியில் பெருமாள் சனிக்கிழமைகள், அதை ஒட்டி நவராத்திரி, ஆயுத பூஜை, ஐப்பசியில் தீபாவளி. இந்த மூன்று மாத வரவை வைத்தே அடுத்த சித்திரை வரை ஓட்டுகிற குடும்பங்கள் நம் பகுதியில் இருக்கின்றன.

நடுவில் மகாளய பட்சம் 15 நாள் வரும். புதிது எதையும் வாங்கப் பலர் தயங்குவார்கள். வியாபாரம் படுத்துவிட்டதென்று பயந்து விலையைக் குறைக்காதீர்கள். அமாவாசை வந்ததும் கொலுப்படி கட்டத் தொடங்கிவிடுவார்கள். தாம்பூலப் பை, சுண்டல், பூ, ரவிக்கைத் துணி எல்லாம் ஒரே வாரத்தில் கேட்பார்கள். அந்த 15 நாளில் ஆர்டரை நோட்டில் எழுதி, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். தெரிந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். கடலையும் பயறும் உங்களுக்கு யார் கடன் தருகிறார்கள்?

கோழிக்கடைத் தம்பிகளுக்குப் புரட்டாசி சோதனை மாதம்தான். கடையைப் பழுது பார்க்க, தராசுக்கு முத்திரை போட, வேலையாள் ஊருக்குப் போய்வர இதைவிட நல்ல நேரம் கிடையாது.

புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. வடாம், வற்றல், பொடிக்கு மிளகாய் என்று வெயிலை நம்பிய வேலை எல்லாம் அதற்கு முன் முடிய வேண்டும். தையல் செய்பவர்கள், தீபாவளிக்கு 15 நாள் முன் ஆர்டர் நிறுத்தப்படும் என்று இப்போதே அட்டை எழுதி மாட்டுங்கள். பலகாரம் செய்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சரக்குப் போடக் கையில் காசு வேண்டும். பலர் தண்டல்காரரிடம் போகிறார்கள். 10,000 கடன் என்று சொல்லி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 தருவார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பத்துதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நீங்கள் திருப்பிக் கட்டுகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் நின்ற பணம் 5,000க்கும் குறைவு. அதற்கு 100 நாளில் வட்டி 1,000. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 75 சதவீதத்தைத் தாண்டும். தீபாவளி லாபம் முழுவதும் இப்படித்தான் வாசலோடு போய்விடுகிறது.

வங்கியில் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை ஈடில்லாமல் கடன் உண்டு. தள்ளுவண்டி, நடைபாதை வியாபாரிகளுக்கு ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. முதலில் 15,000, ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. வட்டியில் 7 சதவீதம் மானியமாகக் கணக்கில் வரும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு 500, 1,000 கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: வங்கி உடனே பணம் தராது. தாள் நகர நாளாகும். தீபாவளிக்கு வாரம் இருக்கும்போது வந்து கவுன்டரில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குத்தான் அவர்களுக்குப் பணம் கிடைக்கும். ஆவணியிலேயே மனுக் கொடுங்கள். தினசரி விற்பனையை ஒரு நோட்டில் எழுதி, வரும் பணத்தைக் கணக்கில் போடுங்கள். மேலாளர் உங்கள் முகத்தை அறியமாட்டார். அந்தப் பாஸ்புக்கைத்தான் பார்ப்பார்.

குடியிருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். இஸ்திரிக்காரர், பூக்கார அம்மா, மளிகைக்கடை நோட்டு என்று நாம் வைத்திருக்கும் பாக்கியும் அவர்களைத் தண்டல்காரரிடம் அனுப்புகிறது. நாலாயிரம் ரூபாய் காலணியை ஆன்லைனில் முன்பணம் கட்டி வாங்குகிறோம். இஸ்திரிக்கு இருநூறு ரூபாய் தர 'அடுத்த வாரம் வாப்பா' என்கிறோம். பிள்ளையார் சதுர்த்திக்குள் பழைய பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.

ஆவணி முழுவதும் சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை சங்க அறையில் இருப்பேன். கடன் மனு நிரப்ப வேண்டியவர்கள் ஆதார், பாஸ்புக், விற்பனை நோட்டு மூன்றையும் எடுத்து வாருங்கள். நோட்டு இல்லாதவர்கள் வரும் வழியில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.