ஊழியர் நலமும் முதியோர் உயிரும்

முதியோர் இல்லத்தினுள் நோய் புகாதிருக்க வேண்டுமாயின், வெளியார் வருகையைத் தடுத்தால் மட்டும் போதுமா? கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் 5,126 பராமரிப்பு இல்லங்களின் நிருவாகிகளிடம் விவரங்கேட்டு ஆராய்ந்தனர். சுகவீன விடுமுறைக்கும் சம்பளம் வழங்கிய இல்லங்களில் தொற்றுக் குறைந்திருந்தது. முகவர் நிலையங்கள் அனுப்பும் தற்காலிக ஊழியரை அடிக்கடி அமர்த்திய இல்லங்களிலோ அது மிகுந்து காணப்பட்டது.

இதன் காரணம் ஊகித்தற்கு அரியதன்று. காய்ச்சலென்று வீட்டிலிருந்தால் அன்றைய சம்பளம் போய்விடும் என்னும் நிலையில், வறிய ஊழியர் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருதல் இயல்பே. முதியவருக்கு உணவூட்டுவோரும் அவரே, நீராட்டுவோரும் அவரே. ஆதலின், முதியோரைக் காக்க விரும்புவோர், அவர்களைப் பேணுவோரின் சம்பளத்தையும் ஓய்வையும் முதலிற் கவனித்தல் வேண்டும்.