குளம் எங்கே வெட்டுவது? தீர்மானிப்பது யார்?

(கச்சிராயபாளையத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



மீன் வளர்ப்பைப் பற்றி நம்மிடம் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நாம் குடிப்பதும், வயலுக்குப் பாய்ச்சுவதும், மீன் வளர்ப்பதும் ஒரே தண்ணீர்தான். அதனால்தான் பேசுகிறோம்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் ஓடைகளாக இறங்கி, 46 அடி கோமுகி அணையில் சேருகிறது. அங்கிருந்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போகிறது. மேலே ஒருவர் நீரைக் கெடுத்தால் கீழே எல்லோருக்கும் கேடு. ஒரு குளத்து மீனுக்கு நோய் வந்தால், அந்த நீர் வடியும் குளங்களுக்கெல்லாம் நோய். ஆகவே குளம் வெட்டுவது பட்டாதாரரின் சொந்தக் காரியம் மட்டுமல்ல.

கீழத்தஞ்சை இதை அனுபவித்தது. 1990களின் தொடக்கத்தில் நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகின. விளைநிலம் உப்புக் குட்டையாயிற்று. நடவுக்கும் அறுப்புக்கும் போன கைகளுக்கு வேலை போயிற்று. குடிநீர் உப்புக் கரித்தது. ஒரு பண்ணை விட்ட கழிவை அடுத்த பண்ணை இறைத்துக் கொண்டது. 1994-95ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது பண்ணை பண்ணையாக இறால் செத்தது.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11ல் தீர்ப்பு வந்தது. விளைநிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக்கக் கூடாது. மூடும் பண்ணைகளின் தொழிலாளருக்குச் சட்டப்படியான நஷ்டஈட்டோடு ஆறு வருஷச் சம்பளமும் தரவேண்டும் என்றது. ஆனால் 2005ல் பார்லிமெண்ட் தனிச் சட்டம் இயற்றி, பதிவு செய்து கொண்டு பண்ணை நடத்த வழி செய்தது. தீர்ப்பு மட்டும் போதாது. ஜனங்கள் விழித்திருக்க வேண்டும்.

2007ல் சிலி நாட்டு சால்மன் மீன் பண்ணைகளை நோய் தாக்கியது. நெருக்கி நெருக்கிப் பண்ணை வைத்தது கம்பெனி. வேலை இழந்தது ஆயிரக்கணக்கான தொழிலாளி. அதன் பிறகுதான் கடலை வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு வட்டாரத்துப் பண்ணைகள் எல்லாம் சேர்ந்தே ஓய்வு விடவேண்டும் என்று விதி செய்தார்கள்.

நமக்குக் கடல் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். கட்லாவும் ரோகுவும் ஏழைக் குழந்தைக்குச் சத்தான உணவு. மீன் வளர்ப்பு வேண்டும். முறையோடு வேண்டும் என்கிறோம்.

முதலாவது, மலையடிவாரம் முதல் கடைசி ஏரி வரை வரைபடம் போடுங்கள். நன்செய், ஓடைக்கரை, குடிநீர்க் கிணற்றடி, மேய்ச்சல் தரை ஆகியவற்றில் குளம் கூடாது.

இரண்டாவது, மீன் பிடிப்பதற்காக மதகைத் திறந்தால் பயிர் காயும். எத்தனை அடிக்குக் கீழ் நீர் இறங்கக் கூடாது என்பதை, மீன்பாசி ஏலம் விடுமுன்பே எழுத்தில் வையுங்கள்.

மூன்றாவது, ஒரே வடிகாலைச் சேர்ந்த குளத்துக்காரர்கள் கலந்து பேசிக் குஞ்சு விடட்டும். நோய் கண்டால் மறைக்காமல் சொல்லட்டும்.

நான்காவது, இதையெல்லாம் தீர்மானிக்கும் குழுவில் நிலமற்ற தொழிலாளியும், வலை வீசுபவரும், மலைவாழ் மக்களும் உட்கார வேண்டும். அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலை மக்களைக் கேட்காமலே அவர்கள் வாழ்வைத் தீர்மானித்த காலம் அது. அது திரும்பக் கூடாது.

தோழர்களே! அடுத்த கிராமசபைக்குக் கூலி வேலை முடிந்து களைப்போடாவது வாருங்கள். "எங்கள் ஏரியின் குத்தகை நிபந்தனையைப் படித்துக் காட்டு" என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.