பழைய சலவை இயந்திரம் வாங்கலாமா?

(பழனி வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

விதை, உரம், சாலை, விளக்கு என்று பேசிப் பழகிய இம்மன்றத்தில், வீட்டுக் கொல்லையில் வைக்கும் சலவை இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், ஊரின் நீர், குடும்பத்தின் பணம், பெண்களின் உழைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே செலவாகும் இடம் துணி துவைக்கும் கல்லே ஆகும். அக்கல்லின் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைப்பதா, அதையும் பிறர் பயன்படுத்திக் கழித்ததாக வாங்கி வைப்பதா என்ற கேள்வி இன்று நம் ஊர்களில் பல வீடுகளில் எழுந்துள்ளது. அதற்கு விடை காணும் வழியைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முன்னாளில் நம் பக்கத்துப் பெண்கள் சண்முகநதியிலும், வாய்க்காலிலும், கிணற்றடியிலும் துவைத்தார்கள். பின்னர்த் தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டி அவர்களுக்குத் துறையாயிற்று. சொட்டுநீர்க் குழாய் அமைத்த தோட்டங்களிலோ இன்று தொட்டியில் நீர் விழுவதே அரிதாகிவிட்டது. துவைக்கும் வேலை மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்துவிட்டது. நீரும் வீட்டுக்குள் வரவேண்டியதாயிற்று.

2019ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றிற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டார்கள். அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்களே. சுவீடன் நாட்டுப் பொதுச் சுகாதார அறிஞர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் ஆற்றிய உரையொன்றில், தம் இளமையில் வீட்டுக்கு முதன்முதல் சலவை இயந்திரம் வந்த நாளைச் சொன்னார். வாழ்நாளெல்லாம் கையால் துவைத்த அவருடைய பாட்டியார், அவ்வியந்திரம் சுழன்று முடியும் வரை அதன் முன்னே அமர்ந்து பார்த்தாராம். மிச்சமான நேரத்தில் தாயார் அவரை நூலகத்துக்கு அழைத்துச் சென்றாராம். ஆகவே சலவை இயந்திரத்தை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. ஆயினும் எந்த இயந்திரம், எந்த நீருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று கேளாமல் வாங்கினால் என்ன நேரும் என்பதை எங்கள் சொந்த அனுபவத்தைக் கொண்டே கூறுகிறோம்.

எங்கள் அனுபவம்

எங்களுடையது கூட்டுக் குடும்பம். ஏழு பேரின் துணிகளையும் பெரும்பாலும் துவைத்து வந்தவர் எங்கள் அண்ணியார். தோள்வலியால் அவர் கையைத் தூக்க முடியாத நிலை வந்தபோது, சகோதரர்கள் நாங்கள் கூடிப் பேசி, ஒரு கடையில் எட்டாண்டு ஓடிய, தானே நீர் பிடித்துத் தானே பிழியும் முழுத் தானியங்கி இயந்திரம் ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினோம். வண்டி வாடகையும் குழாய் பொருத்திய கூலியும் சேர்ந்து 700 ரூபாய் ஆயிற்று. இயந்திரம் பளபளவென்று இருந்தது. அண்ணியார் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி, அதற்குத் தண்ணீர் யார் கொண்டுவந்து ஊற்றுவது?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

எங்கள் தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாளே குழாய் நீர் வரும். குளியலறைக் கூரைமேல் இருந்த தொட்டியோ இயந்திரத்துக்கு நான்கடி உயரத்திலேயே இருந்தது. இயந்திரம் நிரம்ப நெடுநேரம் ஆயிற்று. பல நாள் பாதியில் நின்றது. நின்ற இயந்திரத்துக்குக் குடம் குடமாக நீர் ஊற்றியவர் தோள்வலிக்காரரான அதே அண்ணியார்தாம். ஐந்தாம் மாதம் அடித்தளத்தில் கடகடவென்று ஓசை எழுந்தது. பேரிங் தேய்ந்து, நீர் உட்புகுந்து, துருவேறிவிட்டது என்றார் பழுது பார்ப்பவர். சீர்செய்ய 3,500 ரூபாய் கேட்டார். நாங்கள் அதைப் பழைய இரும்புக்காரரிடம் 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டோம். ஐந்து மாதத்தில் 5,900 ரூபாய் இழப்பு. அதாவது மாதம் 1,180 ரூபாய். கடைக்காரர்மீது குறை கூறிப் பயனில்லை. கேட்க வேண்டியவற்றைக் கேளாதவர்கள் நாங்களே.

முதற்கேள்வி: நீர்

பழைய இயந்திரம் வாங்கச் செல்வோர் முதலில் பார்க்கவேண்டியது இயந்திரத்தை அன்று. தம் வீட்டு நீரையே ஆகும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்ற அளவை வகுத்துள்ளது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர். மேற்புறம் மூடி திறக்கும் முழுத் தானியங்கி இயந்திரம் ஒருமுறை துவைத்து அலச ஏறத்தாழ 100 முதல் 150 லிட்டர் கொள்ளும். குடிக்க, சமைக்க, குளிக்க, மாட்டுக்குக் காட்ட வந்த நீரில் பாதியை ஒரு பெட்டியே குடித்துவிடும் என்பது இதனால் விளங்கும். முன்புறம் கதவு திறக்கும் இயந்திரம் இதில் ஏறக்குறைய பாதி நீரே கொள்ளும். ஆனால் அதன் விலையும் பழுதுச் செலவும் மிகுதி. இரண்டு தொட்டிகள் கொண்ட அரைத் தானியங்கி இயந்திரத்திலோ, நாமே நீர் ஊற்றி நாமே வடிக்கிறோம். வெள்ளைத் துணி துவைத்த சோப்பு நீரிலேயே அடுத்து வண்ணத் துணியையும், அதன்பின் தோட்டத்துத் துணியையும் துவைக்கலாம். குழாய் வாராத நாளிலும் வாளி நீரால் அது ஓடும். முழுத் தானியங்கிக்குக் குழாயில் நீரழுத்தம் இன்றியமையாதது. மேல்தொட்டி இயந்திரத்துக்குப் பத்தடி உயரத்திலேனும் இருத்தல் நலம்.

அளவைப் போலவே தன்மையும் முக்கியமானது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று நாம் பிரித்து வழங்குவதில் பொருள் உண்டு. கொடைக்கானல் மலையடிவாரத்தில் பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு என அணைகள் இருந்தும், அவற்றின் நீர் எட்டாத மேட்டுநிலத்து ஊர்கள் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியுள்ளன. ஆழ்துளை நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்குமாயின் சோப்பு நுரைக்காது. தூள் இருமடங்கு செலவாகும். டிரம்மிலும் குழாயிலும் வெண்மையான படிவு ஏறும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலமென்றும், வேறு நீர் இல்லாவிடத்து 600 வரை ஏற்கலாமென்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 600ஐ நெருங்கும் நீரில் இயந்திரமும் நீடித்து உழைக்காது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைச் சோதித்துக் கொள்ளலாம். அதற்கு முன்பே, வீட்டுப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலம் பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாங்கேள்வி: மீதமுள்ள ஆயுள்

பழைய பொருளை வாங்குவோர் விலையைப் பேரம் பேசுகிறார்கள். ஆயுளைப் பேரம் பேசுவதில்லை. மாடு பிடிக்கச் செல்லும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கிறோமா? இயந்திரத்துக்கும் பல் உண்டு. அதன் பின்புறத்தில் ஒட்டியுள்ள தகட்டைப் பார்த்தால் தயாரித்த காலத்தைப் பெரும்பாலும் அறியலாம். பழைய ரசீதைக் காட்டச் சொல்வது இன்னும் நன்று.

கணக்கு எளிது. வாங்கும் விலையோடு வண்டிக் கூலியையும் உடனடிப் பழுதுச் செலவையும் கூட்டி, இனி ஓடக்கூடிய ஆண்டுகளால் வகுத்துக் கொள்ளவேண்டும். சராசரியாக ஓர் இயந்திரம் பத்தாண்டு உழைக்குமென்று வைத்துக்கொள்வோம். புதிய அரைத் தானியங்கிக்கு எங்களிடம் சொல்லப்பட்ட விலை 11,000 ரூபாய். ஆண்டுக்கு 1,100 ரூபாய் ஆகிறது. நாங்கள் முதலில் வாங்கியது எதிர்பார்த்தபடி இரண்டாண்டு ஓடியிருந்தாலுங்கூட ஆண்டுக்கு 3,350 ரூபாய் ஆகியிருக்கும். மலிவு என்று எண்ணியது மும்மடங்கு விலையுடையதாயிற்று! ஐந்தாண்டு கடந்த இயந்திரத்துக்குப் புதியதன் விலையில் பாதியைக் கொடுப்பது வீண் என்பது எங்கள் முடிவு.

நேரில் சோதிக்கும் முறையும் உண்டு. வெறும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினால் ஏற்கலாகாது. ஈரத்துணி போட்டு, நீர் நிறைத்து, துவைத்துப் பிழிந்து முடியும் வரை உடனிருந்து பார்க்கவேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின், டிரம்மைக் கையால் சுழற்றினால் ஓசையின்றிச் சுழலவேண்டும். கடகடத்தாலோ மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் போய்விட்டது என்று பொருள். அடியில் நீர்க்கசிவும் துருவும் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்தவுடன் சுழற்சி நிற்கவேண்டும். நில்லாவிடில் குழந்தைகளின் கைக்கு ஆபத்து.

மின்கசிவு எல்லாவற்றினும் கொடியது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொடும் பொருள் இது. மூன்று முனைச் செருகியும், முறையான எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. சாதனமும் இல்லாத வீட்டில், புதியதாயினும் பழையதாயினும் இயந்திரம் வைக்கலாகாது.

மூன்றாங்கேள்வி: பழுதுபார்ப்பவர் யார்?

விற்பவர் உறுதிமொழி கூறினால் அதைத் தாளில் எழுதி வாங்கவேண்டும்: விலை, நாள், எத்தனை மாதத்துக்குள் பழுதானால் யார் பொறுப்பு என்ற விவரங்கள் அதில் இருக்கவேண்டும். அந்த வகை இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ கிடைக்குமா என்று, விற்பவரை அன்று, வேறொரு பழுதுபார்ப்பவரைக் கேட்டறிதல் நலம். மின்னணுப் பலகை கெட்டால் அதன் விலை சில வேளைகளில் பழைய இயந்திரத்தின் விலையையே எட்டிவிடும். அரைத் தானியங்கியில் பெரும்பாலும் திருகுப் பொத்தான்களும், பெல்ட்டும், மோட்டாருமே இருத்தலால் அதைச் சீர்செய்வது எளிது.

இம்மூன்று கேள்விகளையும் முன்வைத்து, இரண்டாம் முறை அண்ணியாரையே உடன் அழைத்துச் சென்றோம். மாற்றலாகிச் சென்ற ஓர் ஆசிரியர் குடும்பத்திடம் மூன்றாண்டு ஓடிய அரைத் தானியங்கி இருந்தது. அவர் ஈரத்துணி கொண்டுவரச் சொல்லி ஓட்டிப் பார்த்தார், பிழியும் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், பின்னரே தலையசைத்தார். விலை 4,500 ரூபாய். பெல்ட்டும் வடிகுழாயும் மாற்ற 400 ரூபாய். ஐந்தாண்டு ஓடினால் ஆண்டுக்கு 980 ரூபாய் ஆகும். இரண்டாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. குழாய் நீர் வரும் நாளே எங்கள் வீட்டில் துவைக்கும் நாள். நீர் நிறைப்பதும், துணியை மாற்றிப் போடுவதும், காயப்போடுவதும் இப்பொழுது ஆண்களாகிய எங்கள் வேலை.

ஊராட்சிக்குச் சில சொற்கள்

இது வீட்டோடு முடியும் செய்தியன்று. 2022 முதல் நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும் என்று வகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அந்நாளில் ஒவ்வொரு நீராதாரத்தின் கடினத்தன்மையையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எந்தத் தெருவுக்கு எந்நாளில் எத்தனை மணிக்கு நீர் வரும் என்பதையும் எழுதி, அதன்படி விடவேண்டும். இவ்விரு செய்திகளும் தெரிந்தால் பல குடும்பங்கள் தவறான இயந்திரத்தில் பணத்தை முடக்கமாட்டா.

சோப்பு நீர் தெருவில் ஓடாமல் உறிஞ்சுகுழிக்குச் செல்ல வழி செய்யவேண்டும். கடைசியாக அலசிய நீரை மட்டும் வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். உழைத்து ஓய்ந்த இயந்திரத்தை ஓடையோரத்தில் எறிதலும் ஆகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில் சலவை இயந்திரமும் அடங்கும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேரவேண்டும். நாங்கள் எங்கள் முதல் இயந்திரத்தை இரும்புக்காரரிடம் கொடுத்ததும் ஒரு பிழையே என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

பெரியோர்களே! பழைய இயந்திரம் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் வீட்டு நீருக்கு ஏற்றதாய், மீதி ஆயுள் உடையதாய், ஊரிலேயே சீர்செய்யத் தக்கதாய் இருந்தால் மட்டுமே வாங்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னர், அவ்வீட்டில் துணி துவைப்பவர் யாரோ அவரைக் கேட்டு வாங்கவேண்டும். எங்கள் அண்ணியாரின் அந்த ஒரு கேள்விக்கு அன்றே செவிசாய்த்திருந்தால், 5,900 ரூபாய் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்; அவருடைய தோளும் ஐந்து மாதம் முன்னரே ஓய்வு பெற்றிருக்கும்.