எரிவாயுக் கலனும் ஊர்ச் சாணமும்

மக்கும் பொருளிலிருந்து எரிவாயு எடுக்கும் முறை இந்தியாவுக்குப் புதியதன்று. 1897ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் மனிதக் கழிவிலிருந்து கிடைத்த வாயு பயன்படுத்தப்பட்டது. பின்னர், 1930களின் இறுதியில், டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் மாட்டுச் சாணத்தைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். ஜஷ்பாய் படேல் 1950களில் உருவாக்கிய, மிதக்கும் இரும்பு மூடி கொண்ட கலனைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களின் தொடக்கத்தில் ஏற்று நாடெங்கும் பரப்பியது. இரும்பின் விலை ஏறவே, மூடியையும் செங்கல்லால் கட்டும் ஜனதா கலன் 1978இலும், அதனினும் சிக்கனமான தீனபந்து கலன் 1984இலும் வந்தன.

ஆகவே, வாயு உண்டாவது எப்படி என்பதில் ஐயம் ஏதுமில்லை. காற்றுப் புகாத கலனில் சாணத்தையும் அதே அளவு நீரையும் கரைத்து ஊற்றினால் நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்கின்றன. வெளிவரும் வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. வறட்டியாகத் தட்டி எரித்தால் சாணத்தின் உரச்சத்து புகையோடு போய்விடும். கலனில் இட்டாலோ அடுப்புக்கு வாயுவும் கிடைக்கும். தழைச்சத்துக் குறையாத எருவும் வயலுக்குத் திரும்பும்.

இத்துணை நன்மை இருந்தும் இம்முறை ஏழைக் குடிசையை ஏன் எட்டவில்லை? விடை எளிய கணக்கில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ 25 கிலோ சாணம் தேவை. ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு வேண்டும். அதாவது 50 கிலோ சாணம். தொழுவத்தில் கட்டித் தீனி போடும் மாடுகள் நான்கைந்தாவது உள்ள வீட்டில்தான் இது கைகூடும். மேயப் போகும் மாட்டின் சாணத்தில் பெரும்பகுதி வழியிலும் வெளியிலும் விழுந்துவிடுகிறது. அதைப் பொறுக்கி வறட்டி தட்டுவோர் மாடில்லாத வீட்டுப் பெண்கள். கலன் வந்த வீட்டில் சாணம் விலையுள்ள பொருளாகிறது. மாடு தொழுவத்திலேயே கட்டப்படுகிறது. நேற்றுவரை யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துவந்த எரிபொருளை ஏழை இழக்கிறாள். மானியமும் கலன் கட்டுவோருக்கே சேர்ந்தது. 1981-82இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வெற்றியைக் கட்டிய கலன்களின் எண்ணிக்கையால் மட்டும் அளந்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறினர்.

இச்சிக்கலுக்குக் கர்நாடக மாநிலம் தும்கூர் மாவட்டத்தின் புரா என்னும் சிற்றூரில் ஒரு விடை தேடப்பட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அமூல்ய ரெட்டி தலைமையில் இயங்கிய குழு, ஊர் முழுமைக்கும் பொதுவான கலனை அங்கே அமைத்தது. முதல் நோக்கம் சமையல். எல்லா அடுப்புகளுக்கும் போதுமான வாயு கிடைக்கவில்லை, முயற்சி நின்றது. விறகு கூலியின்றிக் கிடைத்த ஊரில் சமையல் வாயு முதல் தேவையாக இருக்கவில்லை என்பதும் அப்போது புலனாயிற்று. ஊரார் வேண்டியது நல்ல குடிநீர், அடுத்தபடியாக விளக்கு. 1987இல் கலன் மீண்டும் இயங்கியபோது, வாயு டீசல் எந்திரத்துக்குத் திருப்பப்பட்டது. அம்மின்சாரம் ஆழ்குழாய்க் கிணற்று நீரை இறைத்தது; வீடுகளில் குழல் விளக்கை ஏற்றியது.

புராவில் கவனிக்கத்தக்கது எந்திரமன்று, கணக்குப் புத்தகம். ஒவ்வொரு வீடும் கொண்டுவரும் சாணம் நிறுக்கப்பட்டது. கிலோவுக்கு 2 பைசா கொடுக்கப்பட்டது. வாயு போனபின் மணற்படுகையில் வடித்த எருவும் கொடுத்த சாணத்துக்கு ஏற்ற அளவில் அவ்வீட்டுக்கே திரும்பியது. சாணம் சுமந்து வந்தோரில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். கலனைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் இளைஞர்களே அமர்த்தப்பட்டனர். குழாயும் விளக்கும் உள்ள வீடுகள் மாதக் கட்டணம் செலுத்தின. சாணம் தருவதை நிறுத்தினால் தன் வீட்டுக் குழாயும் வறண்டுபோகும் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். கண்காணிக்க அதிகாரி தேவைப்படவில்லை.

இன்று பேச்சு சாணத்தைக் கடந்து வைக்கோலுக்கு வந்துள்ளது. பஞ்சாபில் நிலத்தடி நீரைக் காக்க 2009இல் இயற்றப்பட்ட சட்டம் நெல் நடவைத் தள்ளிவைத்தது. அதனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே எஞ்சுவது ஏறத்தாழ மூன்று வாரமே. உழவர் தாளைக் கொளுத்துகின்றனர். அந்த வைக்கோலை வாயுவாக்கலாம். ஆனால், சாணம் போல அது எளிதில் மக்குவதில்லை. அதிலுள்ள மரச்சத்து நுண்ணுயிருக்கு இணங்காது; தழைச்சத்தும் குறைவு; கலனில் மிதந்து மேலே ஆடைபோல் படியும். இவற்றையெல்லாம் சமாளித்து, சங்ரூர் மாவட்டத்தின் லெஹ்ராகாகாவில் 2022இல் நாளொன்றுக்கு 33 டன் அழுத்த எரிவாயு தரவல்ல ஆலை திறக்கப்பட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டு முழுதும் வேண்டிய வைக்கோலைச் சில வாரங்களுக்குள் திரட்டிக் கட்டி, மழையும் தீயும் அணுகாமல் அடுக்கி வைக்க வேண்டும். 2018இல் தொடங்கிய 'சதத்' திட்டம் 2023க்குள் 5,000 ஆலைகளை எதிர்பார்த்தது. எழுந்தது அதில் மிகச் சிறு பகுதியே. 2024இல் லூதியானா மாவட்டத்தின் சில ஊர்களில் மக்கள் நாற்றத்துக்கும் நீர்க்கேட்டுக்கும் அஞ்சி ஆலைகளை எதிர்த்துப் போராடினர். அவர்களை அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது; அந்த ஆலைகளால் அவ்வூர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்வது அத்துணை எளிதன்று.

இந்தூரில் நிலைமை சற்று மேல். வீடுதோறும் ஈரக் குப்பையைப் பிரித்து வாங்கும் பழக்கம் முன்பே வேரூன்றியிருந்ததால், 2022இல் திறந்த ஆலைக்கு நாளொன்றுக்கு 550 டன் வரை கையாளும் திறன் வைக்க முடிந்தது. அதன் வாயு நகரப் பேருந்துகளுக்குச் செல்கிறது.

வாயுவுக்கென்றே பயிரிடும் வழியும் உண்டு. ஜெர்மனி மானியம் கொடுத்து மக்காச்சோளத்தைக் கலனுக்கு அனுப்பியது. வயலெல்லாம் அதுவே நிறையக் கண்டு 2012இல் அதற்கு வரம்பு விதித்தது. நிலம் குறைந்த நாட்டுக்கு இது எச்சரிக்கை. நிலமே தேவைப்படாத கடற்பாசியின் மீது 1970களில் அமெரிக்கர் நம்பிக்கை வைத்தனர். கலிபோர்னியாவுக்கு அப்பால் திறந்த கடலில் அமைத்த சோதனைப் பண்ணை அலைகளுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் எடுக்கும் பாசி இன்று அகர், கராஜீனன் ஆலைகளுக்குப் போகிறது. அவ்விலையை எரிவாயு தர இயலாது. பிழிந்தெடுத்தபின் எஞ்சும் சக்கையைக் கலனில் இடுவது வேறு. பாசியையே எரிபொருளாக்குவது வேறு.

பெரிய ஆலைகள் யாவற்றிலும் மிகுதியாக வெளிவருவது வாயுவன்று, எருவே. அதன் விற்பனைக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி வழங்க மத்திய அரசு 2023இல் ஒப்புதல் அளித்தது. வைக்கோல் எந்த வயலிலிருந்து வந்ததோ அந்த வயலுக்கு எருவைத் திருப்பிக் கொண்டு சேர்க்கும் வண்டிக்கூலியை ஆலை ஏற்பதா, உழவர் ஏற்பதா என்பது ஒப்பந்தம் எழுதும்போதே முடிவு செய்யப்பட வேண்டியது.