கடைக்காலும் கட்டுக்கோப்பும்
(கீழ்வேளூரில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பூகம்பத்தினால் விளையும் சேதத்தினின்று வீட்டைக் காக்கும்பொருட்டு அதன் கடைக்காலை எவ்வாறு பலப்படுத்துவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். இதைக் கேட்டவுடனே உங்களிற் சிலர், "நம் காவிரி நாட்டில் வெள்ளம் வரும், புயல் வரும், பூகம்பம் எங்கே வரும்?" என்று வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆகையால் முதலில் அதற்கு விடை கூறிப் பின்னர் விஷயத்திற்கு வருகிறேன்.

2002-ம் வருஷம் வெளியான இந்தியப் பூகம்ப வரைபடத்தில் தேசம் நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டது. அதில் சென்னை மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. நமது பிரதேசமோ அபாயம் மிகக் குறைந்ததான இரண்டாம் மண்டலத்தைச் சேர்ந்தது. இதனால் மனம் ஆறுதலடைவது இயல்பே. ஆயினும் மகாராஷ்டிர தேசத்தில் லாத்தூரை அடுத்த கில்லாரியின் கதையைச் சற்றுக் கேளுங்கள். அக்காலத்திய வரைபடத்தில் அவ்வூர் முதலாம் மண்டலத்தில், அதாவது பயமே இல்லை என்று கருதப்பட்ட மண்டலத்தில் இருந்தது. 1993-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி, பிள்ளையாரை நீரில் விட்டுவிட்டு ஜனங்கள் வீடு திரும்பி அயர்ந்து உறங்கிய இரவில், விடியுமுன் நான்கு மணி சுமாருக்குப் பூமி அதிர்ந்தது. அதன் அளவு 6.2 மாத்திரமே. ஆனால் மாண்டவர்கள் சுமார் 8,000 முதல் 10,000 பேர். சேற்றில் வைத்துக் கட்டிய கருங்கற் சுவர்களும், அவற்றின்மேல் ஏற்றியிருந்த கனத்த மண் கூரையும் உறங்கினவர்கள்மேல் வீழ்ந்தன. அவர்களைக் கொன்றது பூமியன்று, அவர்கள் வீடே. அதற்குப் பின்னரே முதலாம் மண்டலம் என்பதை வரைபடத்தினின்று நீக்கிவிட்டார்கள்.

நமக்கு அருகிலும் பூமி சும்மா இருந்துவிடவில்லை. 1900-ம் வருஷம் கோயமுத்தூர்ப் பக்கத்தில் பெரியதோர் அதிர்ச்சி உண்டாயிற்று. 2001-ம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஒரு பூகம்பம் தோன்றிச் சென்னை வரையில் ஜனங்களை வீதிக்குத் துரத்தியது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுமாத்ராவின் பக்கத்தில் எழுந்த பூகம்பத்தின் பலனை நாகப்பட்டினத்தார் அனுபவித்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள கடற்கரையில் அன்று உற்றாரை இழந்தவர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும். வராது என்று எண்ணியிருந்தது வந்தே விட்டது.

இனி விஷயத்திற்கு வருவோம். பூகம்பத்தில் வீட்டுக்கு என்ன நேருகிறது? நின்றிருந்த ரயில் வண்டி திடீரெனப் புறப்பட்டால் உள்ளே நிற்பவன் பின்புறமாய்ச் சாய்கிறான். அவன் பாதம் வண்டியோடு செல்லுகிறது. தலை நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. வீடும் அவ்வாறே. கடைக்கால் பூமியோடு பக்கவாட்டில் ஓடுகிறது. சுவரும் கூரையும் தங்கள் பாரத்தினால் பின்தங்குகின்றன. அப்பொழுது சுவர்கள் ஒன்றையொன்று விட்டு விலகும், மூலைகள் பிளக்கும், தாங்குவாரற்ற கூரை கீழே இறங்கும். ஆதலால் கடைக்காலை எவ்வளவு ஆழமாகவும் அகலமாகவும் போட்டாலும், அதனோடு சுவரும், சுவரோடு கூரையும் பிணைக்கப்படாவிடில், செய்த செலவு பாதிப் பிரயோஜனமே தரும். நான்கு சுவரும் ஒரே பெட்டியைப்போல் சேர்ந்து அசைய வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. குவெட்டா நகரில் எஸ். எல். குமார் என்னும் ரயில்வே இஞ்சினீயர் இந்த நியாயத்தை அனுசரித்து, சுவர்களை இரும்பின் உதவியால் பிணைத்து, ரயில்வே சிப்பந்திகளுக்கு வீடுகள் கட்டுவித்தார். 1935-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி அந்நகரம் பூகம்பத்தால் அழிந்து, 30,000 ஜனங்களுக்குமேல் மாண்டபோது, அவ்வீடுகள் நிலைத்து நின்றன.

அடுத்தபடியாக நம் மண்ணைக் குறித்துச் சில வார்த்தைகள். வெட்டாறு முதலிய காவிரிக் கிளைகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலின்மேல் நாம் குடியிருக்கிறோம். மேலே களிமண், கீழே மணல், அதற்குள் நீர் என்பது கிணறு வெட்டின எவரும் அறிந்ததே. கோடையில் நம் வயல் பாளம் பாளமாய் வெடிப்பதையும், மழைக்குப் பின் அதே மண் பொங்குவதையும் வருஷந்தோறும் காண்கிறோம். அம்மண் வீட்டின் கீழும் அதே வேலையைச் செய்கிறது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் அதன் கைவேலையே.

மணலுக்கோ வேறொரு குணம் உண்டு. நீர் நிறைந்த தளர்ந்த மணல் கடுமையாகக் குலுக்கப்பட்டால், சற்று நேரம் குழம்பைப்போலாகித் தன்மேல் உள்ளதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். 1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகார் பூகம்பத்தில், கங்கைச் சமவெளியிலே பூமி பிளந்து மணலும் நீரும் ஊற்றாகப் பீறிட்டன. ஒரு நீண்ட பிரதேசம் முழுவதிலும் வீடுகள் தரையில் அமிழ்ந்தும் சாய்ந்தும் போயின. 1964-ம் வருஷம் ஜப்பானில் நீகாத்தா நகரத்தில் பல அடுக்கு வீடுகள், சுவர் உடையாமலே, பெட்டியைச் சாய்த்ததுபோல் சாய்ந்து படுத்தன. கட்டடம் உறுதியாயிருந்தது, தாங்கும் மண் கைவிட்டது.

மணலில் கட்டவே முடியாதென்று இதற்குப் பொருளல்ல. நமது கல்லணை ஆற்று மணலின்மேலன்றோ நிற்கிறது? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம் நாட்டில் வேலைபார்த்த ஸர் ஆர்தர் காட்டன், ஆழங்காணா மணலில் அஸ்திவாரமிடும் வித்தையை அதனிடமே கற்றதாக எழுதிவைத்தார். மண்ணின் சுபாவத்தை அறிந்து கட்டுகிறவனுக்கு எம்மண்ணும் உதவும்.

புதிதாக வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, மனை. பழைய குட்டையையோ வாய்க்காலையோ தூர்த்த இடத்தில் பாதியும் கெட்டித் தரையில் பாதியுமாக வீட்டை அமைக்கலாகாது. ஒரு பாதி இறங்க மறுபாதி நிற்கும். மனை முகூர்த்தத்திற்கு நாள் பார்ப்பதுபோலவே, இரண்டோர் இடத்தில் குழி தோண்டி மண்ணையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, வானம் தோண்டுதல். கோடையில் வெடிப்பு எவ்வளவு ஆழம் செல்லுகிறதோ அதற்கும் கீழே கடைக்கால் இறங்க வேண்டும். அடியில் மணல் நிரப்பினால் அரையடிக்கு ஒருமுறை நீர்விட்டுத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். கொட்டிய மணலை அப்படியே விட்டு அதன்மேல் ஜல்லி போடுவது பிற்காலத்துக்கு வினை விதைப்பதாகும்.

மூன்றாவதும் முக்கியமானதும் தரைமட்டத்துக் கட்டு. கொத்தனார்கள் இதனைப் 'பெல்ட்' என்பார்கள். கடைக்கால் முடிந்து சுவர் எழும்பும் மட்டத்தில், எல்லாச் சுவர்களின்மேலும் இடைவிடாமல் ஓடும் கான்கிரீட் பட்டை இது. நம் பக்கத்துச் சிறு வீட்டுக்கு 3 அங்குலக் கனமும், உள்ளே 8 மில்லிமீட்டர் கம்பி இரண்டும், 6 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குக் கம்பியும் குறைந்த அளவு. அறைகள் பெரிதானாலும் மாடி எழுப்பினாலும் இஞ்சினீயரைக் கேட்டு அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கம்பியை மூலையில் வெட்டி நிறுத்தாமல், வளைத்து அடுத்த சுவருக்குள் செலுத்திப் பிணைக்க வேண்டும். மூலையில் அறுந்த கட்டு, முடிச்சில்லாத கயிறு போன்றது. இதே போன்ற கட்டு கதவு சன்னல்களின் தலைமட்டத்திலும் நான்கு புறமும் ஓட வேண்டும். கடைக்காலிலிருந்து கூரை வரையில் மூலைதோறும் ஒரு கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, இவ்விரண்டு கட்டுகளோடும் சேர்த்துவிட்டால் பெட்டி பூர்த்தியாகும். கிணற்று நீர் உப்பாயிருந்தால் கான்கிரீட்டுக்கு அதை உபயோகிக்கலாகாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இதற்காகும் அதிகச் செலவு மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியே. அது பூகம்பத்துக்கு மாத்திரம் செய்யும் செலவுமன்று. களிமண் பொங்கும்போது சுவர் வெடியாமல் காப்பதும் அக்கட்டே. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நம் கூரைகளைப் பெயர்த்தெறிந்ததை மறவோம். கூரை சுவரோடும் சுவர் கடைக்காலோடும் பிணைந்திருந்தால் காற்றுக்கும் அது எளிதில் இடங்கொடாது.

இனிப் பழைய வீடுகள். நம்மவர் பலர் பாட்டன் கட்டிய ஓட்டு வீட்டில் வசிக்கிறோம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, முதிய தாய் தந்தையர் மாத்திரம் அவ்வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. இவ்வீடுகளுக்கு முதல் வைத்தியம் நீரை அகற்றுவதே. ஓட்டிலிருந்து விழும் நீர் கடைக்காலில் இறங்காதபடி, வீட்டைச் சுற்றி வெளிப்புறம் சரிவான தளமும், அதையடுத்துச் சாக்கடையும் அமைக்க வேண்டும். இரண்டாவதாக, பழைய கடைக்காலின் பக்கத்தில் கம்பி வைத்த கான்கிரீட் பட்டையைச் சேர்த்து, இடையிடையே பழைய சுவருக்குள் முளைபோற் செலுத்திப் பிணைக்கலாம். சன்னல் தலைமட்டத்தில் கம்பி வலையைச் சுவரின் இருபுறமும் அடித்துச் சிமெண்டு பூசுவதும் நல்ல முறையே. கடைக்காலின் கீழ்த் தோண்ட நேர்ந்தால், ஒருகாலும் ஒரே மூச்சில் முழு நீளமும் தோண்டலாகாது. சிறு சிறு துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, ஒன்றை முடித்து இறுகிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். இவ்வேலைக்கு அனுபவமுள்ள இஞ்சினீயர் அருகிலிருப்பது அவசியம்.

மற்றொன்றையும் வருத்தத்தோடு சொல்லுகிறேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணத்தைக் கொண்டு, ஒரு தளத்துக்கென இட்ட பழைய கடைக்காலின்மேல் மாடி எழுப்பி, முகப்புக்கு வர்ணம் தீட்டுவது இப்பொழுது வழக்கமாகிவருகிறது. காண்பவர் முகப்பைப் புகழ்வர். பாரத்தைச் சுமப்பதோ எவர் கண்ணுக்கும் படாத கடைக்கால். அது தாங்குமா என்று கேட்டறியாமல் ஒரு செங்கல்லும் மேலே ஏற்றாதீர்கள்.

இவ்வூரில் கேடிலியப்பர் கோயில் கொண்டிருக்கும் ஆலயம் மாடக்கோயில் என்பதை அறிவீர்கள். உயர்ந்த தளத்தின்மேல் ஸந்நிதியை ஏற்றி அமைத்த முன்னோர், மேலே எழுப்புவதற்கு முன் கீழே தாங்குவதைத் தேடினார்கள். தெய்வத்துக்குச் செய்த அச்சிரத்தையை நாம் நம் தாய் தந்தையருக்கும் குழந்தைகளுக்கும் செய்ய வேண்டாமா?

முடிவாகச் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள். வீடு கட்டத் தொடங்கும் அங்கத்தினர் எவராயினும் வானம் தோண்டுமுன் ஆலோசனை பெறும்படி, நம்மவருள் இஞ்சினீயர் படிப்புடைய இளைஞர் சிலரைச் சங்கம் ஏற்படுத்தித் தரவேண்டும். நம் வயல்களில் உழைப்போரும், நம் வீட்டைக் கட்டும் கொத்தனாரும் குடியிருக்கும் சிறு வீடுகளுக்கும் அவ்வாலோசனை கூலியின்றிக் கிடைக்க வேண்டும். கில்லாரியில் பூமி ஜாதியையும் செல்வத்தையும் விசாரித்து அதிரவில்லை.